எதுக்கும் இருக்கட்டும்

கோடை விடுமுறைக்கு ஊட்டி கிளம்புகிற சென்னைக் குடும்பங்களில், பயணத்துக்கு முதல் நாள் இரவு திடீரென்று ஓர் அதிகாரி முளைக்கிறார். அதுவரை அவர் வெறும் அப்பா. வங்கியிலோ இன்ஷூரன்ஸ் கம்பெனியிலோ வேலை, வீட்டில் "ரிமோட் எங்கே?" என்று கேட்பதைத் தாண்டி அவருக்கு அதிகாரம் கிடையாது. சாப்பாடு முடிந்து, கூடத்தில் பெட்டிகள் வாயைப் பிளந்து கிடக்கிற நேரத்தில், லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்காருவார். அவ்வளவுதான், மீனம்பாக்கத்துச் சுங்க இலாகா வீட்டுக்குள் வந்துவிட்டது. "யார் யார் என்னென்ன எடுத்து வச்சிருக்கீங்க? கொண்டா பையை." இந்த அதிகாரி பெட்டி கட்டுகிறவர் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய பனியன், துண்டு, ஷேவிங் செட், பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் மனைவி சாயங்காலமே மடித்து அடுக்கியாகிவிட்டது. எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பிள்ளைகளின் பையிலிருந்து எதை வெளியே எடுத்துப் போடுவது என்ற ஒரே ஓர் இலாகா மட்டும்தான் அவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதை அவர் மிகுந்த பொறுப்போடு நடத்துகிறார்.

சோதனைக்கு வருவது பள்ளிக்கூடப் பை. புத்தகங்களைக் கொட்டிவிட்டு, அடியில் பென்சில் சீவலும் ரப்பர் துகளும் அப்படியே இருக்க, எட்டு வயதுப் பிள்ளை தன் உலகத்தை அதில் அடைத்து வைத்திருக்கிறது. ஒரு டென்னிஸ் பந்து. ஓரம் மடங்கிய யூனோ சீட்டுக்கட்டு. மூடியில்லாத ஸ்கெட்ச் பேனாக்கள், அவற்றில் பச்சை காய்ந்துபோய்விட்டது. பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம். மூன்று சக்கரக் கார். அது ஆதியில் நான்கு சக்கரம். ஒரு விசில். அதிகாரி ஒவ்வொன்றையும் இரண்டு விரலால், செத்த பல்லியைத் தூக்குவதுபோல் தூக்கி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்: "இது அங்க எதுக்கு?" சட்டம் படித்தவர்கள்கூடப் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. ஊட்டியில் காந்தத்துக்கு என்ன வேலை? பிள்ளை எச்சிலை விழுங்குகிறது. மௌனம் சம்மதமாகி, காந்தம் சோபாவுக்கு அடியில் போகிறது.

இதே கூடத்தில் நான்கு அடி தள்ளி இன்னொரு பெட்டி திறந்து கிடக்கிறது. அது பெரியவர்களுடையது. அதில் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. இரண்டாவது குடை இருக்கிறது. லாட்ஜில் துணி காயப்போட நைலான் கயிறு, பழைய செய்தித்தாள், எவர்சில்வர் தட்டு நாலு, எலுமிச்சை ஊறுகாய், ஒரு டின் முறுக்கு, அந்த முறுக்கு தீர்ந்துபோனால் சாப்பிட இன்னொரு டின் முறுக்கு. இவற்றில் ஒன்றையாவது தொட்டு "இது எதுக்கு?" என்று யாராவது கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்" என்று பதில் வரும். கவனியுங்கள், பிள்ளைக்கு "எதுக்கு", பெரியவர்களுக்கு "எதுக்கும்". நடுவே இருக்கிற வித்தியாசம் ஓர் "உம்". இலக்கணக்காரர்கள் இதை முற்றும்மை என்பார்கள். மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் வளைத்துப் போடுகிற உம்மை. அந்த உம்மையைப் பெரியவர்கள் தங்களுக்கென்று பட்டா போட்டு வைத்திருக்கிறார்கள். என் வாதம் சின்னது: எடையையும் இடத்தையும் உண்மையான உபயோகத்தையும் வைத்துக் கணக்குப் பார்த்தால், சோதனை போட வேண்டிய பெட்டி பிள்ளையுடையது இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம் என்கிற நியாயம் கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் எடை. ரயில்வேயை யாரும் தாராளப் பிரபு என்று சொன்னதில்லை. ஆனாலும் ஸ்லீப்பர் வகுப்பில் போகிற ஒருவர் 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். 5 வயதுக்கு மேல் 12 வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு அதில் பாதி. அதாவது இந்திய ரயில்வே அந்தப் பிள்ளைக்கு 20 கிலோ தருகிறது. அப்பா தருவது ஒரு பையின் முன்பக்க ஜிப். 2016 ஏப்ரல் 21 முதல், இந்த வயதுப் பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் பெரியவர் கட்டணத்தையே கட்ட வேண்டும். முழு டிக்கெட் எடுத்த பயணிக்கு ஒரு விசில் கொண்டுபோக உரிமையில்லை! ரயில்வேக்கும் தடைப் பட்டியல் உண்டு: பட்டாசு, கேஸ் சிலிண்டர், பெட்ரோல், ஆசிட் இப்படி. 1989ஆம் வருடத்து ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி இவற்றுக்கு மூன்று வருடம் வரை சிறைகூட உண்டு. எவ்வளவு தேடினாலும் அந்தப் பட்டியலில் காந்தம் கிடைக்காது. ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் அப்பா பக்கம் நிற்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. பெட்டியின் அளவு 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது ரயில்வே. பிள்ளை கொண்டுபோக ஆசைப்படுகிற கேரம் போர்டின் ஆடுகிற பரப்பு மட்டுமே பக்கத்துக்கு 74 சென்டிமீட்டர். "தட்டையாத்தானே இருக்கு" என்கிற பிள்ளையின் மேல்முறையீடு இங்கே தள்ளுபடி.

எடையைப் பற்றிப் பேசுகிறபோது இன்னொன்றையும் பேசிவிட வேண்டும். மத்திய கல்வி அமைச்சகம் 2020இல் பள்ளிப் பைக்கு ஒரு கொள்கை வகுத்தது. பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை 1.7 கிலோவிலிருந்து 2.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்றது. வருடம் முழுக்க அந்தப் பை காலையில் வாசலைத் தாண்டிப் போகிறது. எத்தனை அப்பாக்கள் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "இந்த நோட்டு அங்க எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள்? சமூக அறிவியலுக்கு வகுப்பு நோட்டு, வீட்டு நோட்டு, மேப் நோட்டு என்று மூன்று போனாலும் கேள்வி கிடையாது. அதே பையில் வருடத்தில் நாலு நாள் பந்தும் சீட்டுக்கட்டும் ஏறுகிறபோதுதான் முதுகெலும்பைப் பற்றிய கவலை வருகிறது.

உபயோகத்துக்கு வருவோம், வழக்கின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி விடிகாலை மேட்டுப்பாளையத்தில் இறங்கினால், ஏழு மணிவாக்கில் மலை ரயில். 46 கிலோமீட்டர்தான், ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே இருக்கிற பல்சட்டத்தைக் கடித்துக் கடித்து ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்த ரயில் இது. அங்கே இடமும் குறுகல். பெரியவர்களின் சூட்கேஸ் சீட்டுக்கு அடியில் போகாமல் எல்லார் முழங்காலையும் இடிக்கிறது, பிள்ளையின் பை மடியிலேயே உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஐந்து மணி நேரத்தில் பெட்டியிலிருந்து வெளியே வந்த பொருள்களைக் கணக்கெடுத்தால், யூனோ வந்திருக்கும், ஸ்கெட்ச் பேனா வந்திருக்கும், முறுக்கு வந்திருக்கும் (முறுக்குக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும்). இஸ்திரிப் பெட்டி வந்திருக்காது. ஊட்டிக்குப் போனபிறகும் வராது; ஸ்வெட்டருக்கு அடியில் சட்டை கசங்கியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மே மாதத்தில் மத்தியானம் ஒரு மழை பிடித்துக்கொண்டால் லாட்ஜ் அறையில் ஆறு பேர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற நேரத்தில், அப்பா உட்பட எல்லாரும் தேடுவது அந்த ஓரம் மடங்கிய சீட்டுக்கட்டைத்தான். "எங்கடா அது, கொண்டா, நானும் வரேன்" என்பார். காந்தத்தைச் சோபாவுக்கு அடியில் தள்ளியது யார் என்று பிள்ளை கேட்பதில்லை. பிள்ளைகள் பெருந்தன்மையானவர்கள், அல்லது ஞாபகம் வைத்துக்கொண்டு வேறு நேரத்தில் கேட்பவர்கள்.

சோதனையில் ஒருபோதும் பிடிபடாத பொருள் ஒன்று உண்டு: விடுமுறை வீட்டுப்பாட நோட்டு. "சும்மா இருக்கிற நேரத்துல ரெண்டு பக்கம் எழுதலாம்ல?" என்று அதிகாரியே தன் கையால் உள்ளே வைப்பார். அந்த நோட்டு மலை ரயிலில் 208 வளைவுகளையும் 16 குகைகளையும் கடந்து, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவைக் காரின் டிக்கியிலிருந்து தரிசித்துவிட்டு, அட்டை கூடத் திறக்கப்படாமல் வீடு திரும்புகிறது. கேள்வி கேட்காமல் பாஸாகிற இன்னொன்று டேப்லெட். அதோடு சார்ஜர், அதற்கொரு பவர் பேங்க். விசில் சத்தம் போடும், டேப்லெட் பிள்ளையை வாய்மூட வைக்கும். எதுக்கு என்கிற கேள்வி உண்மையில் யாருடைய நிம்மதிக்காகக் கேட்கப்படுகிறது என்பது இங்கே கொஞ்சம் வெளிச்சமாகிறது. மலையில் சிக்னல் போனதும் டேப்லெட் கறுத்துப்போகிறது. குகைக்குள் ரயில் நுழைந்ததும் பெட்டி முழுக்க "ஓ..." என்று கத்துகிற பிள்ளைகளோடு சேர்ந்து கத்துவதற்கு அது எந்த வகையிலும் உதவாது.

அதிகாரி தரப்பிலும் வாதம் இருக்கிறது. "இடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்கும்; பந்துன்னு ஆரம்பிச்சா பேட் வரும், பேட் வந்தா ஸ்டம்பு வரும்." உண்மைதான், வரும். அதற்கு மருந்து சோதனை இல்லை, தோள். யார் எதை எடுத்து வைத்தாலும் அவரவர் பையை அவரவர் தூக்க வேண்டும் என்று ஒரே ஒரு விதியைப் போட்டுவிட்டு அப்பா போய்ப் படுத்துக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முன்னால் பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி இரண்டு தரம் ஏறி இறங்கச் சொன்னால் ஸ்டம்பு தானாக வெளியே வந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் விடியாத கண்ணோடு ஒரு ரயிலிலிருந்து இன்னொரு ரயிலுக்கு ஓடுகிறபோது அந்த விதியின் அருமை எல்லாருக்கும் புரியும். இதில் அதிகாரிக்கு ஒரு சங்கடம் இருக்கிறது: விதி வீட்டுக்கே பொது என்றால், இஸ்திரிப் பெட்டியும் இரண்டு முறுக்கு டின்னும் அவர் தோளில் ஏறும்.

"தொலைச்சிட்டு வந்து அழும்" என்பது அடுத்த ஆட்சேபம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. தூங்குகிறபோது கட்டிக்கொள்கிற பொம்மை தொலைந்தால் அந்தக் குடும்பத்துக்கு மூன்று ராத்திரி தூக்கமில்லை; ஆகவே அது அம்மாவின் கைப்பையில், பணத்துக்கும் மாத்திரைக்கும் பக்கத்தில் போக வேண்டிய பொருள். லோயர் பெர்த்துக்கு அடியில் உருண்டு போகிற தாயக்கட்டை எதிர் சீட்டு மாமாவின் செருப்புக்குள்தான் அகப்படும் என்பதும் அனுபவஸ்தர்கள் அறிந்தது. அதற்கும் வழியில்லாமல் இல்லை. ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை ஒரு பிடி போதும். நாலு தொலைந்தாலும் ஆட்டம் நிற்காது. தொலைப்பதில் பெரியவர்கள் ஒன்றும் சளைத்தவர்களும் இல்லை. அந்த இரண்டாவது குடை ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள்? முதல் குடை போன கோடையில் கொடைக்கானலில் தங்கிவிட்டது.

துணி விஷயத்தில் மட்டும் நான் எதிர்க்கட்சியோடு சேர்ந்துகொள்கிறேன். பிள்ளையிடம் விட்டால் நான்கு நாளைக்கு ஒரு சிலந்தி மனிதன் பனியனும் ஒரு நீச்சல் கண்ணாடியும் வரும். ஜட்டி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்கு நினைவுக்கு வராது. ராத்திரியில் ஊட்டிக் குளிர் எப்படி என்று சென்னைப் பிள்ளைக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. எனவே ஸ்வெட்டர், சாக்ஸ், மாத்திரை, ஸ்டீல் தண்ணீர் பாட்டில் இவையெல்லாம் பெரியவர் இலாகா. பாட்டில் விஷயத்தில் நீலகிரி மாவட்ட நிர்வாகமே கறார்; 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மலைக்கு மேலே விடுவதில்லை. மலையைக் காக்கிற அந்தச் சோதனைக்கு ஒரு காரணம் இருக்கிறது. மூன்று சக்கரக் காருக்கு?

திரும்பி வருகிறபோது இரண்டாவது சோதனை நடக்கும். பிள்ளையின் பையில் கூழாங்கல் ஏழு, தைல மரத்துக் காய் ஒரு கைப்பிடி, கிழிந்த மலை ரயில் டிக்கெட். "கல்லையெல்லாம் சுமந்துக்கிட்டு... எதுக்குடா இது?" பக்கத்துப் பையில் வர்க்கி இரண்டு கிலோ, டீத்தூள், தழையோடு காரட், நீலகிரித் தைலம் ஆறு பாட்டில். ஆறு பாட்டிலும் எதுக்கும் இருக்கட்டும்.

அடுத்த கோடைக்குக் கிளம்புகிற அப்பாக்களே, டென்னிஸ் பந்தின் எடை சர்வதேச விதிப்படி 59.4 கிராமைத் தாண்டக் கூடாது. இஸ்திரிப் பெட்டி 1 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். அதை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் 16 பந்து கொண்டுபோகலாம். பிள்ளை கேட்டது ஒன்று.