சுண்டைக்காய் கால் பணம்

வா மாப்ள, உக்காரு. ஜீப் வாங்கியாச்சாமே! அதுவும் லேசுப்பட்ட ஜீப்பில்ல, வில்லிஸ் சாதி, பானெட்டு ஒசந்த சி.ஜே. 3பி. போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரன் வரைக்கும் விசாரிக்கிறான், "உங்க மருமகன் பெட்ரோல் இன்ஜினைக் கழட்டிப் போட்டுட்டு டீசல் வைக்கப் போறாராமே"ன்னு. "படிச்ச புள்ள, எதையும் யோசிச்சுத்தான் செய்வான்"னு சொல்லி வச்சேன். பொய் சொன்னா வாய் கோணிக்கும்பாங்க. இதுவரைக்கும் கோணல.

நான் வேண்டாம்னு சொல்ல வரல. நாங்க ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்திக்கிட்டு ஜீப் ஓட்டுன காலத்துல செல்லும் கிடையாது, வீடியோவும் கிடையாது. வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்துத்தான் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டோம். உனக்கு அந்தக் கஷ்டமில்ல. வீடியோ பாத்திருக்க. அதுல கடைசி வரைக்கும் பாத்தது ஒண்ணுதான்னு உங்க ஆத்தா சொல்லுச்சு. எந்தங்கச்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது, பாவம்.

"உக்கடத்துல இன்ஜின் பேசி முடிச்சிட்டேன் மாமா, அறுபதாயிரம், பென்ஸ் இன்ஜின்"னு நெஞ்ச நிமித்திச் சொன்ன பாரு, எனக்கே மீசை துடிச்சுது. டெம்போ டிராக்ஸ்ல இருந்து கழட்டுனது, ஓ.எம். 616. நல்ல சாமான். அதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு கேட்டிருப்பேல்ல? உன் அறுபதாயிரம்தான் மாப்ள சுண்டைக்காய். இனிமேத்தான் சுமைகூலிய எண்ணணும். அதுக்கு நோட்டு வாங்குறப்ப நூறு பக்கம் வாங்காத, இரநூறு பக்கமா வாங்கு.

மொத வேலை, இன்ஜினையும் கியர் பெட்டியையும் சேக்குறது. ஜீப் பெல் ஹவுசிங்குல போல்ட்டு ஓட்டை ஒரு வட்டத்துல இருக்கும். உன் பென்ஸ் முதுகுல அது வேற வட்டம். ரெண்டுக்கும் நடுவுல தடிச்ச இரும்புத் தகடு ஒண்ணு வெட்டி வைக்கணும், அடாப்டர் பிளேட்டுன்னு. "அது பெரிய விசயமா மாமா, லேத்துல கொடுத்தா ஓட்டை போட்டுத் தரப் போறான்" அப்படிம்ப. போட்டுத் தருவான். ஓட்டை போடுறது யாருக்குத்தான் வராது? கிராங்க்கோட நடுவும் கியர் பெட்டி இன்புட் ஷாஃப்ட்டோட நடுவும் ஒரே கோட்டுல நிக்கணும், அங்கதான் இருக்கு சூட்சுமம். நம்ம தச்சாசாரி நூல் கணக்குல வேலை பாப்பாரு, அங்குலத்துக்கு எட்டு நூல். கதவு நிலைக்கு அது போதும். இங்க ஒரு அங்குலத்தை ஆயிரமாக் கூறு போட்டு, அதுல அஞ்சு கூறுக்கு மேல விலகக் கூடாது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. டயல் கேஜ் வச்சுச் சுத்திப் பாக்கணும். உன் லேத்துக்காரர்கிட்ட டயல் கேஜ் இருக்கான்னு கேளு. "அதெல்லாம் எதுக்குத் தம்பி, எனக்குக் கையே கேஜு"ன்னா, காபியக் குடிச்சிட்டு மரியாதையா எந்திரிச்சு வந்துரு.

விலகினா என்ன ஆகும்கிற? அன்னைக்கு ஒண்ணும் ஆகாது. தேங்கா ஒடைச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ரோட்டுல ரெண்டு ரவுண்டு ஜோராப் போகும். கொஞ்ச நாள் கழிச்சு, கிளட்ச மிதிக்கிறப்ப உள்ளருந்து ஒரு கீச்சுச் சத்தம் வரும். அது பைலட் புஷ் தேயிற சத்தம். அப்புறம் மேடேறையில டாப் கியர் தானா நியூட்ரலுக்கு வந்து விழும். கையால புடிச்சுக்கிட்டு ஓட்டுவ. அப்புறம் கியர் பெட்டி முன் பேரிங்கு போகும். அப்பவும் நீ கியர் பெட்டியத்தான் வைவ. தகட்டை யாரும் வைய மாட்டாங்க, அது வெளியில நல்லபுள்ளையாட்டம் பெயிண்டு அடிச்சுக்கிட்டு நிக்கும்.

இன்னொண்ணு கேளு. அந்தத் தகடு எம்புட்டுத் தடிமனோ அம்புட்டு தூரம் கியர் பெட்டி பின்னால போகும். இன்புட் ஷாஃப்ட் மூக்கு பைலட் புஷ்ஷுக்கு எட்டாது. அதுக்கு ஒரு புஷ் கடையணும். டிரான்ஸ்ஃபர் கேஸும் கூடவே பின்னால நகரும். பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டை வெட்டிக் குறைக்கணும், முன்னால போறதை ஒட்டு வச்சு நீட்டணும். வெட்டி ஒட்டுனா பேலன்ஸ் பாக்கணும். பாக்கலன்னா, சீட்டுல உக்காந்திருக்கிற ஆளு சட்டியில விழுந்த சோளப்பொரிதான்.

"இன்ஜினையே கொஞ்சம் முன்னால தள்ளி வச்சிட்டா?" பலே! மாமன் ரத்தம் ஓடுது உனக்கு. முன்னால என்ன இருக்கு? ரேடியேட்டரு. அடியில? முன் ஆக்ஸிலு. அதோட குண்டு நட்ட நடுவுல இல்லாம ஒருபக்கமா ஒதுங்கி நிக்கும். குழியில எறங்குறப்ப ஆக்ஸில் மேல எந்திரிச்சு வந்து சம்ப்புல இடிக்கும். அப்ப சம்ப்பை வெட்டி வேற வடிவத்துல பத்த வைக்கணும். சம்ப்பு மாறினா ஆயில் உறிஞ்சுற குழாயும் எடம் மாறணும். அங்கிட்டு ஸ்டியரிங் ராடு போற வழியில செல்ஃப் மோட்டார் வந்து நிக்குதான்னு வேற பாக்கணும்.

இதெல்லாம் பட்டிக்காட்டு மெக்கானிக் தகராறுன்னு நெனைக்காத. இந்த ஜீப்பைச் செஞ்ச அமெரிக்காக்காரனே பட்ட பாடு இது. சண்டைக்காலத்து வில்லிஸ்ல இருந்தது 60 குதிரை இன்ஜின். அதுலயே கொஞ்சம் திருத்தி, இன்டேக் வால்வை மட்டும் மேல ஹெட்டுக்குக் கொண்டு போயி, 72 குதிரை ஆக்கி, ஹரிக்கேன்னு பேரு வச்சான். வால்வு மேல போனதும் இன்ஜின் ஒசந்து போச்சு, பழைய பானெட்டு மூடல. என்ன செஞ்சான்? 1953-ல பானெட்டையே ஒசத்திப்புட்டான். நீ லட்சணமா இருக்குன்னு வாங்கினியே, அந்த ஒசந்த நெத்தி, அது அழகுக்கு வச்சதில்ல மாப்ள. சொந்த வண்டிக்குச் சொந்த இன்ஜினைத் திருத்தி வச்சவனுக்கே தகரத்தை மாத்த வேண்டி வந்துச்சு. நீ வைக்கப் போறது ஜெர்மன்காரன் வேனு இன்ஜினு.

சரி, எப்பிடியோ பூட்டிட்ட. ஓட்டணும்ல? இந்த வண்டிக்குக் கிரவுன் பினியன் கணக்கு 5.38. சக்கரம் ஒரு தடவை சுத்த, ஷாஃப்ட்டு அஞ்சரைத் தடவைக்குக் கொஞ்சம் கொறையாச் சுத்தணும். பழைய அளவு டயரு ஒரு சுத்துக்கு ரெண்டேகால் மீட்டர் சொச்சம் போகும். டாப் கியர்ல இன்ஜின் சுத்தும் ஷாஃப்ட்டு சுத்தும் ஒண்ணு. நீ பி.எஸ்ஸி. கணக்கு, நான் சொல்லித் தரணுமா? இன்ஜின் நிமிசத்துக்கு 2000 சுத்துனா மணிக்கு அம்பது கிலோமீட்டர். 3000 சுத்துனாலும் எண்பதைத் தொடாது. மெதுவாச் சுத்தி இழுக்குறதுதான் டீசலுக்குச் சொகம். நீ தேனி ரோட்டுல எண்பதுல போகணும்னா அது நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழும். மெதுவாப் போனா பஸ்காரன் பின்னால ஆரன் அடிச்சே கொல்லுவான். அப்ப கிரவுன் பினியனை மாத்தணும், முன்னுக்கும் பின்னுக்கும் சேத்து. ஒண்ணை மாத்தி ஒண்ணை விட்டா ஃபோர் வீல் போட்ட நிமிசம் ரெண்டு ஆக்ஸிலும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். எழுதிக்க நோட்டுல.

ஜீப்போட மூணு கியர் பெட்டி இந்த இன்ஜினைத் தாங்குமான்னு நீயும் கேக்கல, நானும் சொல்லல. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு.

பெட்ரோல் வண்டிக்கு டேங்குல இருந்து இன்ஜினுக்கு ஒரே குழாய். டீசலுக்கு மிச்சமாகுற எண்ணெய் திரும்பி வர இன்னொரு குழாய் வேணும். டேங்கு எங்க இருக்கு? நீ உக்கார்ற சீட்டுக்கு நேர் அடியில. அதுல ஓட்டை போட்டு நிப்பிள் பத்த வைக்கணும். "காலி டேங்குதானே"ன்னு எவனாவது வெல்டிங் கம்பிய எடுத்தா, அங்க நிக்காத, ஓடிரு. நெறஞ்ச டேங்கை விட காலி டேங்குதான் ஆபத்து, உள்ள பெட்ரோல் ஆவி நிக்கும். நல்லாக் கழுவி, தண்ணி நெரப்பி வச்சுத்தான் பத்த வைக்கணும். இது மட்டும் வெளாட்டுப் பேச்சில்ல மாப்ள.

அப்புறம் வைப்பரு. சிரிக்காத! இந்தப் பழைய ஜீப்புல வைப்பர் கரண்டுல ஓடாது. பெட்ரோல் இன்ஜின் காத்தை உறிஞ்சுதுல்ல, அந்த உறிஞ்சுற வேகத்துல ஒரு குழாய் போட்டு வைப்பரை ஆட்டுவான். டீசல் இன்ஜின்ல அந்த உறிஞ்சல் அம்புட்டு கிடைக்காது. பங்குனி வெயில்ல இன்ஜினை மாத்தி, சித்திரைத் திருவிழாவுக்கு ஊர்வலமாப் போயிட்டு, ஆனி ஆடியில சாரல் அடிக்கையில போடிமெட்டு ஏறுவ பாரு, அப்பத்தான் வைப்பர் ஞாபகமே வரும். ஒத்தக் கையால வெளிய தொடச்சுக்கிட்டு ஒத்தக் கையால திருப்பிக்கிட்டு ஏறுவ. கியர் வேற தானா விழுகுதுன்னு சொன்னேன்ல, அதுக்கு எந்தக் கை?

பிரேக்கு 9 அங்குல டிரம்மு. முன்னாடி கனம் ஏறியிருக்கும். எறக்கத்துல குலசாமி பேரு மறக்காம இருந்தாச் சரி.

இனி ஆர்.டி.ஓ. ஆபீஸு. அங்க பிரேக் இன்ஸ்பெக்டர் நம்ம வீடியோ எல்லாம் பாக்க மாட்டாரு, ஆர்.சி. புக்கைத்தான் பாப்பாரு. அதுல பெட்ரோல்னு இருக்கும், இன்ஜின் நம்பர் ஒண்ணு இருக்கும். வண்டியில ரெண்டும் வேற. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டிய மாத்தாதங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிருச்சு. அதே வருசம் சட்டத்தைத் திருத்தி, முறையில்லாம மாத்துனா ஒரு மாத்தத்துக்கு 5000 ரூவா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்லன்னா ரெண்டுமேன்னு வச்சுட்டாங்க. ஒரு வண்டிக்கு 5000 இல்ல, ஒரு மாத்தத்துக்கு. கவனிச்சியா? இன்ஜின் ஒண்ணு, எண்ணெய் ஒண்ணு, கியர் பெட்டி மாத்துனா அது ஒண்ணு. நீயே எண்ணிக்க, கணக்குப் படிச்சவன். எங்கயாவது இடிச்சுட்டா இன்சூரன்ஸ்காரன் இந்த மாத்தத்தைத்தான் மொதல்ல தேடுவான். அதுக்கு முன்னாடி உக்கடத்துக்காரர்கிட்ட பில்லு வாங்கினியா? வெள்ளைத் தாள்ல பென்சில்ல எழுதிக் கொடுத்ததைப் பில்லுன்னு சொல்லாத. அந்த இன்ஜின் எந்த வண்டியில இருந்து எறங்குச்சுன்னு போலீஸ் கேட்டா, "பென்ஸ் மாமா"ன்னு எங்கிட்டச் சொன்ன பதில் அங்க செல்லாது.

மேக்கொண்டு ஒரு கூத்தும் இருக்கு. 2021-ல பழைய வண்டிகளுக்குன்னு தனி விதி வந்துச்சு. அம்பது வருசத்துக்கு மேல ஆன வண்டிக்கு வி.ஏ.ன்னு எழுத்துப் போட்டுத் தனி நம்பர், புதுசாப் பதிய 20,000 ரூவா. தினம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ஊர்வலம், எண்ணெய் போடுறது, பழுது பாக்குறது மாதிரி காரியத்துக்கு மட்டும்தான் ரோட்டுல வரலாம். ஆனா அந்த மரியாதை கிடைக்கணும்னா சேசிஸ், பாடி, இன்ஜின் எல்லாம் பொறந்த மேனிக்கு இருக்கணும். நீ டீசல் வச்ச நிமிசம் வண்டி பழசுலயும் சேராது, புதுசுலயும் சேராது.

டீசல்தான் வேணும்னா ஒரு வழி சொல்றேன். எண்பதுகள்ல மகிந்திராவே பீஜோ டீசல் வச்சு எம்.எம். 540 விட்டான். 2112 சி.சி., 62 குதிரை. உன் பழைய ஹரிக்கேனை விடப் பத்துக் குதிரை கம்மி, பாத்துக்க. டீசல் வச்சா வேகம் கூடும்னு உனக்கு எவன் சொன்னானோ? ஆனா அவன் கியர் பெட்டிய நாலு கியராக்கி, எல்லாத்தையும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தி, ஆர்.சி.யில டீசல்னே எழுதிக் கொடுத்தான். அப்பிடி ஒண்ணை வாங்கு. உன் தகட்டுக்கும் லேத்துக்கும் ஆகுற காசுல பாதி தேறிரும்.

இல்ல, இந்த வண்டிதான் வேணும்னா, அந்தப் பெட்ரோல் இன்ஜினையே போர் பண்ணி, பிஸ்டன் மாத்தி, வால்வு தேச்சு வச்சுக்க. ரெண்டு பேர் சேந்து செயின் பிளாக் போட்டா ஒரு காலையில எறக்கிறலாம். பொகை எப்பிடி வருது, நீலமா கறுப்பா? பிளாக்குல விரிசல் கிரிசல் இல்லையே? இன்ஜின் நம்பர் அடிச்ச எடம் சொரண்டாம இருக்கா? சும்மாதான் கேக்குறேன்.

இம்புட்டும் சொல்லியும் நீ மாத்தத்தான் போற, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. மாத்திக்க, ஒன் காசு, ஒன் ஆசை. ஆனா கழட்டுற ஹரிக்கேனைக் காயலான் கடைக்குப் போட்டுறாத. அந்தப் பாவத்தைத் தூக்கி நம்ம மாட்டுக்கொட்டத்துல போட்டுரு, ஒரு மூலையில கெடந்துட்டுப் போகட்டும். திருப்பூர்ல ஒரு மொதலாளி இதே மாதிரி வண்டிக்கு வி.ஏ. நம்பர் வாங்க அசல் இன்ஜின் இல்லாம அலையிறாராம். அது கெடக்கு, நமக்கெதுக்கு அந்தப் பேச்சு. இரும்பு வெலைக்குப் போட்டுக்கலாம். சொந்தத்துக்குள்ள தராசு வேண்டாம், கண்ணளவே போதும். கார்புரேட்டரையும் டைனமோவையும் தனியாக் கழட்டி வித்துறாத, அதுகளும் கூடவே இருக்கட்டும்.

என்ன? யோசிச்சுச் சொல்றியா? இப்பத்தான் மாப்ள நீ யோசிக்கவே ஆரம்பிக்கிற!