ட்விஸ்ட் போட்ட பியானோ வித்வான்

ஆர்னோ பாபஜான்யான் பிறந்ததிலேயே ஒரு தில்லுமுல்லு உண்டு. ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் 1921 ஜனவரி 21 அன்று பிறந்தார் என்பார்கள். காகிதத்தில் மட்டும் 22. பையனுக்கு மூன்று வயது நிறைகிற நாளாகப் பார்த்து லெனின் கண்ணை மூடிவிட்டார். நாடே துக்கம் காக்கிற தேதியில் வீட்டில் பிறந்தநாள் விருந்து வைத்தால் வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று சோவியத் பெற்றோருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிள்ளையை ஒரு நாள் தாமதமாகப் பிறக்க வைத்துவிட்டார்கள்.

ஐந்து வயதில் அவருக்குள் சங்கீதம் இருப்பதைக் கண்டுகொண்டு, பையனை முறையாகப் படிக்கவையுங்கள் என்று சொன்னவர் அராம் கச்சதூரியான். பின்னாளில் கத்தி நடன இசையால் உலகத்தையே குதிக்கவைத்தாரே, அவரேதான். வேடிக்கை என்னவென்றால், கச்சதூரியானே பத்தொன்பது வயதில்தான் மாஸ்கோவில் ஓர் இசைப் பள்ளியில் சேர்ந்தவர். தாம் கற்க ஆரம்பித்து நாலைந்து வருஷம்கூட ஆகாத நிலையில் அடுத்தவன் பிள்ளைக்கு ஆலோசனை வழங்கியிருக்கிறார். ஆலோசனை பலித்துவிட்டது, அதனால் தீர்க்கதரிசி. ஏழு வயதில் பையன் யெரெவான் இசைக் கல்லூரிக்குள் நுழைந்தான்.

1938-இல் மாஸ்கோ. இசையமைப்புக்கு ஷெபாலின், பியானோவுக்கு இகும்னோவ். இகும்னோவ் பழைய ரஷ்யப் பரம்பரை. பியானோவை அடிக்காதே, பாடவை என்கிற கட்சி. 1948-இல் ஆர்னோ பியானோப் படிப்பை முடித்தார். முடித்த வருஷத்தைக் கவனியுங்கள். அந்தப் பிப்ரவரியில்தான் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு, மக்களுக்குப் புரியாத இசை எழுதுகிறார்கள் என்று பெரிய பெரிய ஆட்களைப் பெயர் சொல்லிக் குட்டியது. பட்டியலில் ஷோஸ்டகோவிச், புரகோஃபியெவ். கூடவே கச்சதூரியானும் ஷெபாலினும். கண்டெடுத்தவரும் மாட்டினார், கற்றுக்கொடுத்தவரும் மாட்டினார்.

சிஷ்யர் கெட்டிக்காரர். 1950-இல் பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக ஒரு படைப்பு எழுதி, அதற்கு ‘வீரக் கதைப்பாடல்’ என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் தலைப்பில் வீரம் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மறு வருஷமே ஸ்டாலின் பரிசு. பெயருக்காக மட்டும் கொடுத்தார்கள் என்று சொன்னால் அநியாயம், நல்ல சரக்குதான். ராக்மானினோவின் வாடை கொஞ்சம் தூக்கலாக அடிக்கும், அவ்வளவே.

அசல் வித்தை 1952-இல் எழுதிய பியானோ மூவரிசையில் இருக்கிறது. வயலினுக்கு டேவிட் ஆய்ஸ்திராஹ், செல்லோவுக்கு க்னுஷெவித்ஸ்கி, பியானோவில் ஆர்னோவே. இப்படிப்பட்ட இரண்டு பேரோடு உட்கார்ந்து வாசிக்கும்போது பியானோக்காரர் அடக்கி வாசிப்பதுதான் மரியாதை. எழுதியவரே வாசிப்பவராகவும் இருந்தால் எங்கிருந்து அடங்குவார்? தம் இரண்டு கைக்கும் நிறைய வேலை வைத்துக்கொண்டார். அதன் நடுப்பகுதியில் வயலின் உச்சியில் தனியாகப் பாடிக்கொண்டு வரும் இடத்தில் மட்டும் நானும் கேலியை நிறுத்திக்கொள்கிறேன்.

1953-இல் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மனிதர் அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தார். இருந்ததோடு விட்டாரா? சினிமாவுக்குப் பாட்டு எழுதினார். சினிமாப் பாட்டு போதாதென்று ட்விஸ்ட் நடனப் பாட்டும் எழுதினார்!

‘பூமியின் மிகச் சிறந்த நகரம்’ என்று மாஸ்கோவைப் புகழ்கிற பாட்டு. வார்த்தைகளில் தேசபக்தி, தாளத்தில் அமெரிக்கா. காரில் போகும்போது வானொலியில் இதைக் கேட்ட சோவியத் தலைவர் குருஷ்சேவ், ‘மாஸ்கோவுக்கு ட்விஸ்டா, எடு அதை’ என்று சீறினாராம். நிஜமோ கட்டுக்கதையோ, 1964 அக்டோபரில் குருஷ்சேவைத்தான் எடுத்தார்கள். பாட்டு இன்னும் இருக்கிறது.

அதை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் முஸ்லிம் மகமாயெவ், பாகுவில் பிறந்த அஜர்பைஜான்காரர். ஆர்மீனியர் மெட்டு, அஜர்பைஜான் குரல், ரஷ்யச் சொற்கள். பின்னாளில் போரில் மோதிக்கொண்ட அந்த இரண்டு நாட்டுக்காரர்களை ஒரே மேடையில் ஏற்றிப் பாருங்கள், தெரியும்.

மேதைகளுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? இகும்னோவின் மாணவன் இடுப்பை ஆட்டுகிற பாட்டு போடலாமா என்றார்கள். அதற்கு 1965-ஐப் பதிலாக வைத்தார் ஆர்னோ. அந்த வருஷம் ‘அழகு ராணி’ பாட்டு நாடு முழுக்க நடனக் கூடங்களில் அலறியது. அதே வருஷம் பியானோவுக்கு ‘ஆறு சித்திரங்கள்’ எழுதினார். பன்னிரு சுர முறை என்கிற நவீன இசை இலக்கணத்தைத் தொட்டு, ஆர்மீனிய நாட்டுப்புறத் தாளத்தில் உதறி எடுத்தது. ட்விஸ்டைத் திட்டிய மேதைகள் இதையும் திட்டினால்தானே நியாயம்? இது புரியாததால் பாராட்டினார்கள். 1971-இல் சோவியத் மக்கள் கலைஞர் பட்டமும் வந்தது. ட்விஸ்டுக்கா சித்திரங்களுக்கா என்று யாரும் விசாரிக்கவில்லை.

1983 நவம்பரில் மாஸ்கோவில் இறந்தார். யெரெவானில் புதைத்தார்கள். பிறகு சும்மா விட்டார்களா? ஆப்பரா மாளிகைக்குப் பக்கத்தில், அன்னக் குளத்தோரம் வெண்கலத்தில் சிலை வைத்தார்கள். சிற்பி தாவித் பெஜான்யான். தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பியானோ வாசிக்கிறார்; விரல்கள் வேர்மாதிரி நீள்கின்றன; மூக்கு தனியாக ஒரு மாகாணம். அசல் மூக்கே சின்னது இல்லைதான். அதற்காக இப்படியா, கேலிச்சித்திரம் மாதிரி இருக்கிறதே என்று ஊரில் ரகளை. குருஷ்சேவுக்குத் தாளம் பிடிக்கவில்லை, சுதந்திர ஆர்மீனியாக்காரர்களுக்கு மூக்கு பிடிக்கவில்லை. இன்று சுற்றுலா வருகிறவர்கள் அந்த மூக்கோடுதான் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.