கிண்ணத்தை முன்னேற்றுவது எப்படி?

வாழ்த்துகள், தலைவரே. சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் நடுவே, உங்கள் தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டத்தில் வருடா வருடம் நடக்கும் காற்பந்துக் கிண்ணப் போட்டிக்கு இந்த முறை நீங்கள்தான் ஏற்பாட்டுக் குழுத் தலைவர். எதிர்த்து நிற்க ஆளில்லாமல் கிடைத்த பதவி என்பதை வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாம். ‘ஏகமனதாகத் தேர்வு’ என்று நோட்டீசில் போட்டுவிடுங்கள்.

பழைய தலைவர் போட்டியை நடத்தினார், அவ்வளவுதான். நீங்கள் அதை முன்னேற்றப் போகிறீர்கள். வழி தெரியாமல் தவிக்கும் தலைவர்களுக்காக எழுதப்பட்டது இந்தக் கையேடு. இதிலுள்ள யோசனை எதுவும் என் சொந்தச் சரக்கு அல்ல. பெரிய மனிதர்கள் பெரிய கிண்ணங்களில் செய்து பார்த்தவைதான் எல்லாம்.

முதலில் பெயரைக் கவனியுங்கள். இப்போது உங்கள் கிண்ணத்துக்கு இருப்பது காலமாகிவிட்ட ஒரு தோட்ட ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரின் பெயர். ஒரு கையில் அயோடின் புட்டியும் மறு கையில் விசிலுமாகத் திடலில் ஓடியவர் அவர் என்பது ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே தெரியும். அந்தப் பெயரை எடுத்துவிட்டு இடத்தை விற்றுவிடுங்கள். யாராவது மரபு, பாரம்பரியம் என்று குரல் எழுப்பினால் பதற வேண்டாம். மலேசியக் கிண்ணத்தின் பிறப்புக் கதையைச் சொல்லி வாயடைக்கலாம்.

1921-இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பல் இங்கே வந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மலாய் மாநிலங்கள் தங்கள் கஜானாவிலிருந்து காசு கொடுத்து, பிரிட்டனுக்கு அன்பளிப்பாகக் கட்டித் தந்த கப்பல் அது. கஜானாவில் இருந்தது ஈயமும் ரப்பரும் ஈட்டிய பணம். கரையில் கிடைத்த உபசரிப்பில் மகிழ்ந்துபோன கப்பல்காரர்கள் காற்பந்துக்கு ஒன்று, ரக்பிக்கு ஒன்று என இரண்டு கிண்ணங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பீரங்கிக் கப்பலைக் கொடுத்துக் கோப்பை வாங்கிய வியாபாரம் உலகத்தில் வேறெங்காவது நடந்திருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான். நம் கெடா அந்தக் கூட்டில் இல்லை; 1909-இல்தான் சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியிருந்தது. ஆகவே கப்பலுக்கு நாம் காசு போடவில்லை, கிண்ணத்துக்கு மட்டும் போட்டி போட்டோம். நமக்கும் சாமர்த்தியம் உண்டு.

அந்த முதல் வருட இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்று சிலாங்கூரை வென்றது. 1967-இல் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறும்வரை கப்பலின் பெயரே கிண்ணத்தின் பெயராகவும் இருந்தது. முதல் விளம்பரதாரரே ஒரு போர்க்கப்பல் என்றான பிறகு, உங்கள் கிண்ணத்துக்கு ஒரு டயர் கடையின் பெயரை வைத்தால் யார் என்ன சொல்லிவிட முடியும்?

அதற்குப் பின் வந்ததும் அப்படித்தான். எண்பதுகளின் கடைசியிலிருந்து 2004 வரை நம் நாட்டுக் காற்பந்தைத் தாங்கிப் பிடித்தது டன்ஹில் சிகரெட். விளையாட்டின் நன்மைகள் என்று பள்ளியில் கட்டுரை எழுதிய பிள்ளைகள், வாரக் கடைசியில் சிகரெட் பெயரைச் சுமந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 2019-இல் கெடா கூடுதல் நேரத்தில் பேராக்கை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கியபோது அதன் முழுப்பெயரில் ஷோப்பி இருந்தது. இங்கிலாந்தின் லீக் கிண்ணமோ எண்பதுகளில் பாலில் தொடங்கியது. நடுவில் குளிர்பானம், பிறகு பீர் என்று ஏறி, 2017 முதல் கராபாவ் என்ற தாய்லாந்துச் சக்தி பானத்தில் வந்து நிற்கிறது. நம் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் லண்டன் வரைக்கும் போய்ப் பெயர் வாங்கிவிட்டார்கள். பக்கத்து லூனாஸ் வரைக்கும் போக நமக்கு வெட்கம் எதற்கு?

அடுத்து நேரம். பால்வெட்டு இருந்த காலத்தில் விடியுமுன்பே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே மரத்தடிக்குப் போய், மத்தியானத்துக்குள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால், மாலை ஐந்து மணிக்குக் காலும் திடலும் சும்மா இருக்கும். அந்த நேரத்தில் பந்து உருண்டது. தேர்ந்தெடுத்த நேரம் என்று சொல்ல முடியாது, மிஞ்சிய நேரம். மிஞ்சியதில் ஸ்பான்சருக்கு என்ன லாபம்? ஆட்டத்தை இரவு ஒன்பது மணிக்குத் தள்ளுங்கள். ஃபேஸ்புக் நேரலையில் பேனர் பளிச்சென்று தெரியும். விளக்கு வாடகைக்கு ஆகும் செலவை அணிகளின் நுழைவுக் கட்டணத்தில் ஏற்றிவிடுங்கள். மறுநாள் அதிகாலையில் செம்பனைக் குலை அறுக்கப் போகிறவன் தூங்க வேண்டுமே என்று யாராவது கேட்டால், கோலாலம்பூரில் நடக்கும் இறுதியாட்டங்களைக் காட்டுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சனி இரவு ஆட்டம் முடிந்து, நெடுஞ்சாலையில் விடிய விடிய வண்டி ஓட்டி, ஞாயிறு காலை கண் சிவக்க அலுவலகத்தில் உட்கார்ந்த கெடாக்காரர்கள் எத்தனை பேர்! அவர்களைக் கேட்டுவிட்டா ஆட்டத்துக்குத் தேதி குறித்தார்கள்?

இப்போது கையேட்டின் கஷ்டமான பகுதிக்கு வருகிறோம். குலுக்கல்.

தோற்றால் வீட்டுக்கு என்ற ஆட்டமுறையில் ஒரு கொடிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் யாரையும் வென்றுவிடலாம். பத்தாயிரம் வெள்ளி கொடுத்த ஸ்பான்சரின் அணி, புது ஜெர்சியும் பயிற்சியாளரும் மசாஜ்காரரும் சூழ வந்து இறங்கும். முதல் சுற்றிலேயே, ஆளுக்கொரு நிறத்தில் காலுறை போட்ட கீழ் டிவிஷன் லயத்துப் பையன்கள் பினால்டியில் அவர்களை அனுப்பி வைப்பார்கள். அணி போகும்போது ஸ்பான்சர் போவார், ஸ்பான்சர் போகும்போது பேனரும் கூடாரமும் போகும். அரையிறுதிக்கு உங்களிடம் மிஞ்சுவது ஆட்டமும் ஆயிரம் ஜனமும்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

மருந்து இருக்கிறது. குழுச் சுற்று வையுங்கள். மலேசியக் கிண்ணத்தில் பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது: பெரிய அணி ஒருமுறை சறுக்கினாலும் எழுந்து நிற்க மூன்று நான்கு வாய்ப்பு. அதுவும் போதாதென்றால் ‘சொந்தத் திடல், எதிரணித் திடல்’ என்று இரண்டு ஆட்டமாக்குங்கள். அதிர்ஷ்டம் ஒருநாள் வரும், இரண்டு நாளும் வராது. இங்கிலாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. சமனில் முடிந்தால் மறு ஆட்டம் என்பது அவர்களுடைய எஃப்.ஏ. கிண்ணத்தின் பழைய வழக்கம். ஒரு சின்ன ஊர்க் கழகம் பெரிய கழகத்தோடு சமன் செய்து, மறு ஆட்டத்து வசூலில் கூரையையே மாற்றிக்கொள்ளும். 2024-25 பருவத்திலிருந்து பிரதானச் சுற்றுகளில் மறு ஆட்டமே கிடையாது. பெரிய கழகங்களின் நாள்காட்டியில் இடமில்லையாம். அதற்கும் முன்பே, 1999-2000-இல், நடப்பு வெற்றியாளரான மான்செஸ்டர் யுனைடெட் பிரேசிலில் நடந்த உலகக் கழகப் போட்டிக்குப் போவதற்காக அந்தக் கிண்ணத்துக்கே வராமல் இருந்துவிட்டது. ஆகவே போன வருட வெற்றி அணி உங்கள் போட்டிக்கு வரவில்லையென்றால் மனம் தளராதீர்கள். தரம் உயர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் பெரியவர் ஒருவர் 1990-ஐப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். பேச விடாதீர்கள். 1987, 1988, 1989 என்று மூன்று வருடம் தொடர்ந்து மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்குப் போன கெடா, மூன்று முறையும் கோலாலம்பூரிடமே தோற்றது. நாலாவது வருடமும் போனது. சிலாங்கூரை 3-1 என்று வென்று, தன் வரலாற்றில் முதல்முறையாகக் கிண்ணத்தை வடக்கே கொண்டுவந்தது. தோட்டத்தில் மலாய்க்காரர் யார், தமிழர் யார், சீனர் யார் என்று அன்று இரவு யாரும் பார்க்கவில்லை என்று சொல்லும்போது பெரியவருக்குத் தொண்டை கட்டும். எனக்கும் கொஞ்சம் கட்டத்தான் செய்கிறது, ஆனால் கையேட்டில் அதற்கு இடமில்லை. 1993-இல் சிங்கப்பூரை 2-0, பிறகு அஸ்ராய் கோர் பயிற்சியில் 2007-இலும் 2008-இலும் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அடுத்தடுத்து இருமுறை, 2016-இல் சிலாங்கூரைப் பினால்டியில் என்று அவர் போய்க்கொண்டே இருப்பார். ‘அந்த மூன்று தோல்வி இல்லையென்றால் 1990-க்கு ஏதப்பா ருசி’ என்று கேட்பார். ஸ்பான்சர் பக்கத்தில் இருக்கும்போது இப்படிப்பட்ட பேச்சு ஆபத்து. அவர் காசு கொடுத்து வாங்க வந்ததே அந்த ருசியைத்தான். நீங்கள் குழுச் சுற்று வைத்து அதை எடுத்துவிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியக்கூடாது.

வசூல் விஷயத்தில் ஒரே ஒரு விதி: யாரால் கூட்டம் வருகிறதோ அவர்களோடு முதலில் சண்டை போடுங்கள். 1994-இல் சிங்கப்பூர் பகாங்கை 4-0 என்று நொறுக்கி மலேசியக் கிண்ணத்தை வென்றது. அடுத்த வருடம் சிங்கப்பூரே இல்லை. நுழைவுச்சீட்டு வசூலில் பங்கு பிரிப்பதில் வந்த தகராறு. எழுபது வருடத்துக்கு மேல் பழகிய எதிரி போய்விட்டான். நல்ல எதிரியை விலைக்கு வாங்க முடியாது. அதே சமயத்தில் ஆட்டத்தை விற்ற விவகாரம் வெடித்து, வீரர்கள் கூட்டம் கூட்டமாகத் தடை செய்யப்பட்டார்கள். எத்தனையோ பேர் திடலுக்குப் போவதையே விட்டார்கள்.

ஆட்களைச் சேர்ப்பது பற்றி. வெளியாட்களை இறக்குங்கள், கூச்சப்பட வேண்டாம். அந்தக் காலத்துத் தோட்டக் காற்பந்து ஏதோ தூய பசும்பால் என்பது போலச் சிலர் பேசுவார்கள். நம்பாதீர்கள். நன்றாகப் பந்தாடும் பையனுக்கு வெட்டுக்காட்டில் வேலை தராமல் ஸ்டோரில் இலேசான வேலை கொடுத்துப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இழுத்துவந்த துரைமார்களைப் பற்றிப் பெரியவர்களே சொல்வார்கள். கிராணியின் மகன் எப்படி ஆடினாலும் சென்டர் ஃபார்வர்டுதான். ஆகவே மனசாட்சியைத் தொந்தரவு செய்யாமல் நாலு பேரைக் கூலிக்குப் பிடியுங்கள். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு: துரை இழுத்து வந்தவன் தோட்டத்திலேயே தங்கி, கல்யாணம் கட்டி, உங்கள் மாமனாராகவும் ஆகியிருக்கலாம். நீங்கள் பிடிப்பவன் ஆட்டம் முடிந்ததும் பணத்தை எண்ணிக்கொண்டு கிளம்பிவிடுவான். பணம் கொடுத்தால்தான் கிளம்புவான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2014-இலிருந்து லீக் பட்டத்தை யாருக்கும் விடாத ஜொகூரோடு போட்டி போடக் கிளம்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்க, நாம் தூரம் போக வேண்டியதில்லை. சம்பள பாக்கிச் சிக்கலில் சுற்றிச் சுற்றி வந்த கெடா டாருல் அமான் கழகத்துக்கு 2025-26 பருவத்துக்கு உரிமம் கிடைக்கவில்லை. ஐந்து முறை மலேசியக் கிண்ணம் வென்ற மாநிலத்தின் கழகம் அந்தப் பருவத்தில் உச்ச லீக்கில் இல்லை. அலோர்ஸ்டாரில் டாருல் அமான் அரங்கம் மட்டும் அங்கேயே இருக்கிறது.

உள்ளூர்ப் பையன்களைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவிலும் சுங்கைப்பட்டாணித் தொழிற்பேட்டையிலும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. கோல்கீப்பர் பகல் ஷிப்டு, பேக் இரவு ஷிப்டு. பதினொரு பேரும் ஒரே மாலையில் ஓய்வாக இருப்பது சந்திர கிரகணத்தை விட அரிது. எழுவர் காற்பந்தாக மாற்றிவிட்டால் ஆள் தட்டுப்பாடும் தீரும், ஒரே நாளில் எல்லா ஆட்டத்தையும் முடித்து ஸ்பான்சரை இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அனுப்பவும் முடியும்.

திடல் இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். தோட்டங்கள் கைமாறும்போது முதலில் வேலி விழுவது திடலைச் சுற்றித்தான். கோயிலை எடுத்தால் ஜனம் திரளும், திடலை எடுத்தால் முணுமுணுப்போடு சரி. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, துன் சம்பந்தன் தொழிலாளர்களிடம் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். மரத்தைச் சீவியவனே மரத்துக்குப் பங்குதாரர் ஆனான். நல்லவேளை, கிண்ணங்களுக்கும் கழகங்களுக்கும் இப்படி ஒரு யோசனை நம் பக்கத்தில் இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் தோன்றிவிடலாம். அதனால்தான் இந்தக் கடைசி எச்சரிக்கை. உங்கள் போட்டி நன்றாக முன்னேறி இரண்டு மூன்று வருடம் ஆன பிறகு, தமிழ்ப்பள்ளித் திடலில் சில பையன்கள் ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டு ஒரு கிண்ணம் ஆரம்பித்திருப்பதாகக் காதில் விழும். தொப்பிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்குவார்கள். தோற்றவன் வீட்டுக்கு. தோற்றவன் போகாமல் கோட்டோரம் உட்கார்ந்து அடுத்த ஆட்டத்தையும் பார்ப்பான். கணக்கு நோட்டைப் பெட்டிக்கடையில் தொங்க விட்டிருப்பார்கள், யாரும் பார்க்கலாம். திட்டாதீர்கள், போலீசில் சொல்லாதீர்கள், அது அவர்களுக்கு விளம்பரமாகிவிடும். அமைதியாகப் போய் நில்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் குழுத் தலைவன் போல் தெரிகிற பையனின் தோளில் கை போட்டு, “தம்பி, நல்லாத்தான் செய்றீங்க. இத இன்னும் பெரிசா செய்யலாமே, எனக்குத் தெரிஞ்ச ஒரு டத்தோ இருக்காரு” என்று ஆரம்பியுங்கள்.