கல்லா நாற்காலிக்கு ஒரு புகழுரை

எறணாகுளம் பிராட்வேயின் ஜவுளிக்கடையிலே, கல்லாப்பெட்டிக்குப் பின்னே கொலுவீற்றிருக்கும் நாற்காலிப் பெருமானே, நீர் நீடூழி வாழ்க! காலையில் உம் மடியில் ஏறும் எங்கள் அண்ணாச்சியைக் கடை சாத்தும் வரை கீழே இறக்காமல் தாங்கும் உம் கருணைக்கு ஈடேது? பெற்ற தாயே மூன்று வயதில் இடுப்பை விட்டு இறக்கிவிட்டாளே!

உம் அருளால் அவர் அடைந்த பேறுகள் கொஞ்சமா? நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்து, சுழலும் மின்விசிறியை விடிய விடிய நோக்கியிருக்கும் தவயோகம் வாய்த்திருக்கிறது. முனிவர்கள் காடு தேடிப் போய்ப் பெற்றதை இவர் இலவம்பஞ்சு மெத்தையிலேயே பெற்றுவிட்டார். கணக்கில் ஐம்பது ரூபாய் இடித்தாலே நெஞ்சு படபடக்கும் நுண்ணுணர்வு சித்தித்திருக்கிறது. சேலை மடிக்கும் பெண் ஒரு மடிப்புப் பிசகினால் போதும், தெருக்கோடிக் குடைக்கடை வரை கேட்கும் அந்தக் கம்பீரக் குரல்! நான்கு கடை தள்ளியிருக்கும் டீக்கடைக்கும் அவர் ஸ்கூட்டரில்தான் எழுந்தருளுவார். நெருக்கடியான அந்தத் தெருவில் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடுவதற்குள் டீ ஆறிவிடும் என்பது வேறு விஷயம்.

உம் புகழ் பொறாத மருத்துவர்கள் ஏதேதோ சொல்கிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு இருபது சொச்சம் நிமிடம்! ரீல்ஸ் பார்க்கவே நேரம் போதாத பெருமகன் இவ்வளவு பெரிய சொத்துக்கு எங்கே போவார்? 1999-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வுற்ற 156 பேரைப் பிரித்து, சிலருக்கு மாத்திரையும், சிலருக்கு வாரம் மூன்று முறை நடையும் ஓட்டமும், மீதிப்பேருக்கு இரண்டும் கொடுத்தார்களாம். பதினாறு வாரத்தில் மூன்று கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினவாம். மருந்துக்கடைக்காரர் வயிற்றில் இப்படியா அடிப்பது? ஓராண்டு விடாமல் நடந்த முதியவர்களுக்கு நினைவாற்றலுக்குரிய மூளைப்பகுதி 2 சதவீதம் பெருத்ததென்று 2011-இல் இன்னொரு கூட்டம் அளந்து சொன்னது. வெறும் 2 சதவீதம்! ஆடி மாதத்தில் அண்ணாச்சியே 10 சதவீதம் தள்ளுபடி தருகிறாரே.

வேகமாக நடப்பவனுக்கு இரவில் தூக்கம் ஆழ்கிறதாம். இதயம் படபடப்பதெல்லாம் ஆபத்தல்ல என்று உடம்பே கற்றுக்கொள்கிறதாம். இந்த வயதில் பாடம் படிப்பதா? சிறுபிள்ளைத்தனம்!

மேற்கே கூப்பிடு தூரத்தில் மரைன் டிரைவ் இருக்கிறது. காயலோர நடைபாதை, மழவில் பாலம், மாலைக்காற்று எல்லாம் இலவசம். விலையில்லாச் சரக்கை எந்த வியாபாரி மதிப்பான்? கடைப் பையன் ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்: "அண்ணாச்சி, காலார நடந்துட்டு வாங்களேன். கல்லாவ நான் பாத்துக்கிடுதேன்."

"அதாம்லே எனக்குப் பயம்!" என்றார் அண்ணாச்சி. என்ன தீர்க்கதரிசனம்!

ஆகவே பெருமானே, பிடியைத் தளர்த்திவிடாதீர். போன தீபாவளிக்கு அரையாக இருந்த தூக்க மாத்திரை இந்தத் தீபாவளிக்கு ஒன்றாகியிருக்கிறது. கடையில் இந்த வருஷம் இரட்டிப்பானது அது ஒன்றுதான்.