501-ஆவது யூனிட்

கோடை விடுமுறைக்கு என் மகளுக்கு ஒரு ப்ராஜக்ட் கொடுத்திருந்தார்கள்: ‘பருவநிலை மாற்றமும் நம் வீடும்’. 2023 மே மாதம். ஊர் வேலூர். கத்திரி வெயிலில் வேலூரில் உட்கார்ந்துகொண்டு பூமி சூடாகிறதா என்று ஆராய்வது, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு இங்கே சாப்பாடு உண்டா என்று விசாரிப்பது மாதிரி.

ப்ராஜக்ட் பிள்ளைக்கு, வேலை அப்பாவுக்கு. புத்தகத்தைப் புரட்டினேன். காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி சூடாகும் என்று 1896-லேயே அரீனியஸ் என்ற சுவீடன் விஞ்ஞானி கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதை அவர் நல்ல சேதியாகவே எடுத்துக்கொண்டார். அவர் ஊர்க் குளிருக்கு அது நியாயம்தான். ஒரே ஒரு மே மாத மத்தியானம் காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்க வைத்திருந்தால், மனிதர் அந்தக் கணக்கு நோட்டாலேயே விசிறிக்கொண்டிருப்பார்.

“நம்ம வீட்டுல எவ்வளவு கரியமில வாயுப்பா?” என்றாள் மகள்.

நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு எங்கள் வீட்டில் 500 யூனிட். அதாவது 350 கிலோ. என் எடை எழுபது. என்னைப் போல ஐந்து பேர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் மொட்டைமாடியிலிருந்து ஆவியாகப் புறப்படுகிறார்கள்.

“ஒருத்தனையே சமாளிக்க முடியல” என்றாள் மனைவி.

அன்றே சிக்கனப் படலம் தொடங்கியது. முதலில் செல்போன் சார்ஜர்கள். போன் மாட்டாமல் தொங்கிய ஒவ்வொன்றையும் பிடுங்கினேன். பூஜை அறையின் குட்டி பல்பை அணைத்ததில் அம்மாவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றது. ஹால் ஃபேனைக் கழற்றிவிட்டுப் புது மாதிரி பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினேன். பழையது 75 வாட், புதியது 30-க்குள். அது உண்மையிலேயே நல்ல காரியம். ஆனால் பழைய ஃபேனில் இருந்த கடகட சத்தம் இதில் இல்லை என்பதால் காற்றே வரவில்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

பிறகுதான் மீட்டரின் ரகசியம் தெரிந்தது. அதன் நெற்றியில் 3200 என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. சிவப்பு விளக்கு 3200 தடவை கண்சிமிட்டினால் ஒரு யூனிட். கடிகாரத்தோடு மாடிப்படிக்கடியில் நின்றேன். பழைய ஃபேனாக இருந்திருந்தால் நிமிடத்துக்கு நாலு சிமிட்டல். நான் வீரத்தோடு பிடுங்கிய சார்ஜர்களை மறுபடி மாட்டிப் பார்த்தேன். மீட்டர் சட்டையே செய்யவில்லை. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் நிமிடத்துக்கு ஒன்று சிமிட்டியது. தேடிப் பார்த்தால், டிவிக்குக் கீழே செட்டாப் பாக்ஸும் வைஃபை டப்பாவும். ஒடிசாவின் தால்சேரில் வெட்டி, பாரதீப்பில் கப்பலேற்றி, எண்ணூரில் இறக்குகிற நிலக்கரியில் ஏதோ ஒரு துணுக்கு, யாரும் பார்க்காத டிவிக்குக் காவலாக எங்கள் வீட்டில் ராப்பகலாக எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு மீட்டருக்குப் பேய் பிடித்திருந்தது. நிமிடத்துக்கு நூறைத் தாண்டிய சிமிட்டல். எண்ணக்கூட முடியவில்லை. வீட்டுக்குள் ஓடினேன்.

“வீட்டுல எது 2000 வாட் இழுக்குது? யார் கீசர் போட்டது?”

“நீங்கதான். குளிக்கப் போறேன்னு சுவிட்சைப் போட்டுட்டு மீட்டரைப் பார்க்கப் போயிட்டீங்க.”

மே மாதம். வேலூர். மாடித் தொட்டியில் தண்ணீர் தானே காய்கிற ஊர். இருபது வருஷமாகக் கை தானாக அந்த சுவிட்சுக்குப் போகிறது. மகள் சார்ட்டில் சிவப்பு ஸ்கெட்சால் ‘கீசர் - அப்பா’ என்று எழுதிக்கொண்டாள். இதைப் பள்ளிக்கூடத்தில் வேறு ஒட்டப்போகிறார்கள்.

இழந்த மானத்தை ரீடிங் நாளில் மீட்கலாம் என்று பார்த்தேன். அந்த வருஷக் கட்டணப்படி 500 யூனிட் வரை போனால் 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. கடைசி ஒரு யூனிட்டுக்கு எட்டு ரூபாய்தான். ஆனால் 500-ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரை இரண்டேகால் ரூபாயாக இருந்ததெல்லாம் நாலரை ஆகிவிடும். ஆக, அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். பூமியைக் காப்பாற்ற எனக்கு இவ்வளவு துடிப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ரீடிங் எடுக்க வரும் நாளன்று காலை எட்டு மணிக்கு மீட்டரைப் பார்த்தால், போன ரீடிங் போகச் சரியாக 500. எங்கள் வேகத்துக்கு மூன்று மணி நேரத்தில் 501 வந்துவிடும். மெயினை அணைத்தேன்.

பத்து மணிக்கு மனைவி பேச்சை நிறுத்தினாள். பதினொன்றுக்கு அம்மா பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு, “சத்தமில்லாத உன் ஃபேனுக்கு இது எவ்வளவோ தேவலை” என்றாள். பூஜை அறை பல்புக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. மகள் ஐஸ்கிரீம் உருகிவிட்டதா என்று பார்க்க அரை மணிக்கு ஒருதரம் ஃப்ரிட்ஜைத் திறந்து, அது உருகுவதற்கு ஒத்தாசை செய்தாள். பிறந்தநாளுக்கென்று வாங்கிய பெரிய டப்பா, 260 ரூபாய்.

கணக்கெடுப்பவர் மூன்று மணிக்கு வந்தார். வேர்வையைத் துடைத்தபடி உள்ளே எட்டிப் பார்த்து, “கரண்ட் இல்லையா சார்? கீழ் வீட்டுல இருக்கே” என்றார்.

“நாங்க... சேமிக்கிறோம்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மிஷினில் குறித்துக்கொண்டு, “ஐந்நூறு கரெக்டா” என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் மரியாதை இருந்தது என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். அம்மா அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். அதுவும் புளித்திருந்தது.

அன்று ராத்திரி பொங்கி வழிந்த மாவில் தோசை வார்த்தோம். ஐஸ்கிரீமை நாலு டம்ளரில் ஊற்றிக் குடித்தோம்.