அதிர்வாளர்

புது டேப்லெட் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் கேம் ஆடுவார்கள். பாட்டி கந்த சஷ்டி கவசம் போடச் சொல்வார். வீட்டம்மா நேற்று விட்டுப்போன சீரியலைத் தேடுவார். அதிர்வாளர் மட்டும் சத்தத்தை முழுசாக ஏற்றிவிட்டு, திரையையும் பார்க்காமல் பாட்டையும் கேட்காமல், கண்ணை மூடிக்கொண்டு அதன் முதுகைத் தடவுவார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, பிறகு நான்கு மூலையும். கடைசியில் ஒரு பெருமூச்சு.

“அதிருது.”

“என்ன அதிருது?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அன்றைய சாயங்காலம் உங்களுடையது அல்ல. டேபை உங்கள் கையில் திணித்து, உங்கள் விரல்களைத் தானே எடுத்து இடது மூலையில் வைத்து, “இங்க... இங்க... இப்ப பேஸ் வரும் பாருங்க... வந்துச்சா?” என்பார். வந்துச்சு என்று சொல்லும்வரை விட மாட்டார். சொன்னாலும் விட மாட்டார். வலது மூலை பாக்கி இருக்கிறது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, இது பரம்பரைச் சொத்து. தாத்தா சந்தையில் மண்பானையை விரலால் சுண்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை. அப்பா தேங்காயைத் தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, கடைசியில் கடைக்காரர் பார்த்த பார்வையில்தான் காசு கொடுப்பார். அம்மா நுனி ஒடிக்காத வெண்டைக்காய் அந்த வீட்டு வாசற்படி ஏறியது கிடையாது. இப்படிப்பட்ட குலத்தில் பிறந்தவர் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு கண்ணாடிப் பலகை வாங்கினால் என்னதான் செய்வார்? ஒடிக்க நுனி இல்லை. சுண்டினால் கீறல் விழும். மிச்சம் இருப்பது தடவுவது ஒன்றுதான்.

வாங்குவதற்கு முன்னால் அவர் செய்யும் ஆராய்ச்சியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அவரே உங்களிடம் சொல்லியிருப்பார். கடையில் நடப்பதை மட்டும் சொல்கிறேன். அங்கே டெமோ பீஸை ஒரு சுருள் வயரால் மேஜையோடு கட்டி வைத்திருப்பார்கள். நாலு டிவி ஓடும், ஏசி உறுமும், யாரோ சவுண்ட் பார் விலை பேசிக்கொண்டிருப்பார். அந்தக் களேபரத்தில் விரலுக்கு ஒன்றும் பிடிபடாது. ஆகவே அதிர்வாளர் வயர் எட்டும் அளவுக்குக் குனிந்து, டேபின் முதுகைத் தன் கன்னத்து எலும்பில் ஒட்ட வைத்துக்கொண்டு நிற்பார். விற்கிற பையன் எத்தனையோ வாடிக்கையாளரைப் பார்த்தவன்தான். இருந்தாலும் மேனேஜரை ஒருமுறை திரும்பிப் பார்ப்பான்.

“கன்னத்து எலும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது தம்பி” என்பார் அதிர்வாளர். பையன் தலையாட்டுவான். அவனுக்கு மாசக் கடைசி டார்கெட் இருக்கிறது.

சோதனைக்கு அவர் எடுக்கும் பாட்டுகளும் தனி ரகம். இளையராஜா பாட்டு என்றால் அதில் பேஸ் கிட்டார் எந்த இடத்தில் இறங்குகிறதோ அந்த இடம். தவில் என்றால் தொப்பிப் பக்கத்தில் கோல் விழும் இடம். அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ளது அவருக்கு வேண்டாம். பல்லவி முடிவதற்குள் நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி அதே இடம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எத்தனையோ பாட்டின் பல்லவி மனப்பாடம். சரணம் என்று ஒன்று இருப்பதே பள்ளி ஆண்டு விழாவில்தான் அவர்களுக்குத் தெரிய வந்தது.

இதில் உள்ள சங்கடம் என்னவென்றால், மனிதர் சொல்வது பொய்யில்லை. அதிரத்தான் செய்கிறது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் சின்னச் சவ்வு காற்றை முன்னால் தள்ளினால், அது உட்கார்ந்திருக்கும் சட்டத்தையும் அதே விசையோடு பின்னால் தள்ளும். நியூட்டன் 1687-லேயே எழுதிவைத்துவிட்டார். பழைய மர ரேடியோ பெட்டி கனமாக இருந்தது, அந்தத் தள்ளலைத் தாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. 2010-ல் வந்த முதல் ஐபேட் 13.4 மில்லிமீட்டர் தடிமன், ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று. 2015-ல் வந்த ஐபேட் ப்ரோவில் ஸ்பீக்கர் நாலாகிவிட்டது, தடிமன் 6.9 ஆகிவிட்டது. 2024-ல் வந்த 13 அங்குல ஐபேட் ப்ரோவில் அதே நாலு ஸ்பீக்கர், தடிமன் 5.1. எந்தக் கம்பெனி டேபை எடுத்தாலும் கதை ஏறக்குறைய இதுதான்: உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது, குரல் ஏறிக்கொண்டே போகிறது. மெல்லிய தகட்டுக்குப் பின்னால் இத்தனை சத்தத்தை அடைத்துவைத்துவிட்டு அது ஆடக் கூடாது என்றால் எப்படி?

அடக்குவதற்கும் வழி இல்லாமல் இல்லை. இரண்டு ஸ்பீக்கரை முதுகோடு முதுகு சேர்த்து வைத்தால் ஒன்று தள்ளுவதை இன்னொன்று ரத்துசெய்துவிடும். 2019-ல் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் அப்படித்தான் செய்தார்கள். டேபின் ஐந்தாறு மில்லிமீட்டரில் இரண்டு பேரை முதுகு சேர்த்து உட்கார வைக்க இடம் ஏது? இதை அதிர்வாளரிடம் எடுத்துச் சொன்னால், “அப்ப லேப்டாப்பே வாங்கியிருக்கலாம்” என்று வேறு பக்கம் கிளம்பிவிடுவார். நமக்கு எதற்கு?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2018-ல் சோனி தன் எக்ஸ்பீரியா எக்ஸ்இசட்2 போனில், பாட்டுக்கும் படத்துக்கும் ஏற்றபடி கையில் அதிர வேண்டும் என்றே தனியாக மோட்டார் வைத்து, அதற்கு ஒரு பெயரும் சூட்டி, ஒரு வசதியாக விற்றது. நம் அதிர்வாளருக்கு அதே அதிர்வு ஓசியில் கிடைத்திருக்கிறது. கிடைத்தும் புலம்புகிறார். கிராமத்தில் டேப் ரெக்கார்டர் காலத்தில் ஸ்பீக்கரைக் கழற்றி மண்பானை வாயில் கவிழ்த்து வைத்து, பானை அதிர அதிரப் பாட்டுக் கேட்டவர்கள் நாம். தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரத்தில் குடம் குடைவதே அது அதிர வேண்டும் என்றுதான். அதிராத வீணையை யார் வாங்குவார்கள்?

ஆனால் விரல் இருக்கிறதே, அது பொல்லாதது. நம் தோலுக்கு அடியில் அதிர்வை உணர்வதற்கென்றே சில நரம்பு முனைகள் இருக்கின்றன. ஃபிலிப்போ பாசினி என்ற இத்தாலியர் 19-ஆம் நூற்றாண்டில் அவற்றை விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகின்றன. நொடிக்கு 250 தடவை அளவில் ஆடுகிற அதிர்வுக்கு அவை மிகக் கூர்மை; ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அசைய வேண்டியதில்லை, தெரிந்துவிடும். ஆண் குரலின் கீழ்ப்பகுதியும் தவிலும் பேஸ் கிட்டாரின் மேல் சுரங்களும் நடமாடும் இடம் ஏறத்தாழ அதுதான். டேபுக்கு அதிராமல் இருக்க முடியாது, விரலுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. இந்த இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் குடும்பத் தலைவர்.

விரலோடு நிறுத்தியிருந்தால் சமாளித்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ரவை டப்பாவை எடுத்தார்.

டேபைத் திரை கீழே இருக்கும்படி இரண்டு ஸ்பாஞ்சின் மேல் கவிழ்த்தார். முதுகில் ரவையைச் சீராகத் தூவினார். உப்புமாவுக்குக்கூட அவர் அத்தனை பக்குவமாக ரவை அளந்தது கிடையாது. பாட்டு ஓடியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பேஸ் இறங்கியதும் ஒரு மூலையில் நாலைந்து ரவை துள்ளியது. துள்ளித் துள்ளி நகர்ந்து, அதிராத இடமாகப் பார்த்து ஒரு கோடாக ஒதுங்கியது. அதிர்வாளர் முகத்தில், தலைப்பிள்ளை முதல் அடி வைத்தபோது வந்த அதே பூரிப்பு.

நியாயமாகச் சொன்னால் இது பெரிய மனிதர்கள் செய்த சோதனைதான். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் கிளாட்னி என்பவர் தகட்டின் மேல் மணலைத் தூவி, ஓரத்தில் வயலின் வில்லை இழுத்து, மணல் கோலம் போடுவதை 1787-ல் புத்தகமாகவே வெளியிட்டார். பின்னாளில் பாரிஸில் நெப்போலியனுக்கே அதைச் செய்துகாட்டினார். நெப்போலியன் பார்த்து வியந்தான்.

அதிர்வாளரின் மனைவி பார்த்தார். வியக்கவில்லை.

“சார்ஜ் போடுற ஓட்டைக்குள்ள ரவை போச்சுன்னா யாருங்க எடுக்கிறது?”

போயிருந்தது. அன்று சாயங்காலம் முழுவதும் பல் குத்தும் குச்சி, டார்ச் லைட், ஊதல். டேபின் வாழ்நாளில் அதற்கு ஏற்பட்ட ஒரே உண்மையான கோளாறு அதுதான் என்பது என் கணிப்பு.

அடுத்தது சர்வீஸ் சென்டர். டோக்கன் வாங்கி, உட்கார்ந்து, எழுந்து, ‘மறுபடி உட்காருங்க சார்’ கேட்டு, கடைசியில் கவுன்டருக்குப் போவார். எதிரே இருக்கும் பையன் உடைந்த திரை, ஊறிப்போன போர்டு, குழந்தை கடித்த வயர் எல்லாம் பார்த்துத் தேறியவன். இப்படி ஒரு கேஸ் அவனுக்குப் புதிது.

“என்ன சார் பிராப்ளம்?”

“அதிருது.”

“கீழ விழுந்துச்சா சார்?”

“நான் சொல்றது பேஸ்ல.”

பையன் கையில் வாங்குவான், ஒரு விளம்பரத்தை ஓடவிடுவான், பிடித்துப் பார்ப்பான். இந்த நாட்டில் எந்தப் பொருளுக்கும் எந்தக் கவுன்டரிலும் கிடைக்கிற அந்தப் பதிலைச் சொல்வான்: “எல்லா பீஸும் இப்படித்தான் சார்.”

“அப்ப எல்லா பீஸும் டிஃபெக்ட்டுன்னு எழுதிக் குடுங்க.”

ஜாப் ஷீட்டில் அப்படி எழுத இடமில்லை. ‘வாடிக்கையாளர் அதிர்வு இருப்பதாக உணர்கிறார்’ என்று எழுதிக் கொடுப்பான். அந்தத் தாளை அதிர்வாளர் வீட்டில் ஃபைல் போட்டு வைத்திருக்கிறார். உணர்கிறார் என்று ஒத்துக்கொண்டார்களே, அதுவே பாதி வெற்றி.

இவ்வளவும் அவர் வீட்டோடு போனால் எனக்கும் இதை எழுத வேலை இருந்திருக்காது. வியாதி தொற்றுகிறது. தங்கை வீட்டுக்குப் போவார். அங்கே ப்ளஸ் டூ படிக்கும் பையன் புது டேபில் பாடமும் கிரிக்கெட்டும் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பான்.

“டேய், இங்க குடு. சவுண்ட ஏத்து. இந்த மூலையைத் தொட்டுப் பாரு.”

“எந்த மூலை மாமா?”

“இது. தெரியுதா?”

பையன் தொடுவான். ஒரு நிமிஷம் ஒன்றும் இருக்காது. பிறகு அவன் புருவம் மெல்ல உயரும். “ஆமா மாமா... அதிருது.” போயிற்று. அத்தனை மாதம் அதே டேபை அதே கையில் வைத்திருந்தவனுக்கு இனி கிரிக்கெட் கிடையாது, வர்ணனையாளர் குரல் கட்டைவிரலில் இறங்குவதுதான் உண்டு. அதிர்வாளர் தொட்டுக் காட்டும்வரை அந்த வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு தங்கை வீட்டுக்காரர் டேபைப் பரணில் வைக்கலாமா என்று யோசிக்கிறார்.

அதிர்வாளரின் மனைவிக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அவர் முதல் நாளே சொன்ன வழி இதுதான்: “கையில பிடிக்காம மேசையில வெச்சுக் கேளுங்களேன்.” இவரும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். ப்ளைவுட் மேசை சேர்ந்து அதிர்ந்தது. சமையல் மேடை கருங்கல்லுக்குப் போனார். கல் அசையவில்லை, மேடையில் இருந்த எவர்சில்வர் தட்டு ‘டிர்ர்’ என்றது. மெத்தையில் வைத்தார், எல்லாம் அடங்கியது. கூடவே பாட்டும் அடங்கியது. “பாத்தியா, நான் சொன்னேன்ல?” என்றார். என்ன சொன்னார் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஒரு விஷயத்தில் அவருக்கு நான் மதிப்பெண் கொடுப்பேன். சத்தம் ஏற ஏறச் சீராக ஏறும் அதிர்வு வேறு, ஒரே ஒரு சுரத்தில், ஒரே ஒரு மூலையில், காதுக்குக் கேட்கும்படி ‘கிர்ர்’ என்று வரும் கரகரப்பு வேறு. பின்னதற்கு உள்ளே ஏதோ ஒட்டாமல் நிற்கிறது என்று பொருள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொண்டுபோய் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் அதிர்வாளர்தான். ஆகவே நீங்கள் புது டேப் வாங்கினால் அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், கன்னத்தை வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். வாங்கிய பிறகு வீட்டுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.

அவராக வந்துவிட்டால் டேபுக்குத் தடியான ரப்பர் கவர் போட்டு வையுங்கள், பாதி அதிர்வை அதுவே விழுங்கிவிடும். கவரைக் கழற்றச் சொல்வார். கழற்ற வராது, நகம் உடைந்துவிடும் என்று சொல்லுங்கள். அப்படியும் விடாவிட்டால் ஒரு ஹெட்போனைக் கொடுத்து உட்கார வையுங்கள். அதிலும் ஏதாவது குறை கண்டுபிடிப்பார். ஆனால் அது அவர் காதோடு போகும்.