வழிகாட்டிக்கு வழி காட்டுபவர்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், லிஃப்ட் அடிக்கடி பழுதாகும் தொடர்மாடிகளில், ஒரு வகை மனிதர் வாழ்கிறார். வங்கி முகாமையாளர், திணைக்களப் பொறியியலாளர், கணக்காளர் என்று ஏதோ ஒன்றாக இருந்து இளைப்பாறியவர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். காலை ஐந்தரைக்கு மரைன் டிரைவில் நடை. ஆறரைக்கு அதே மரைன் டிரைவில் நின்றபடி நாட்டைத் திருத்தும் வேலை. இவருக்கு அண்மைக் காலமாக ஒரு புதுப் பழக்கம் தொற்றியிருக்கிறது: வழிகாட்டி வைத்து மலைநாட்டில் நடப்பது. முன்பெல்லாம் ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போய், கிரகரி வாவியில் படகு ஓடி, லீக்ஸும் கரட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினால் விடுமுறை முடிந்தது. இப்போது அது போதாது. மகன் அனுப்பிய சப்பாத்து, மகள் அனுப்பிய மடக்குத் தடிகள், எட்டுப் பொக்கெற் வைத்த காற்சட்டை, அட்டை ஏறாமல் இருக்க முழங்கால்வரை இழுக்கும் துணிக் காலுறை, சித்தாலேப, ஜீவனிப் பக்கெற், தலைக்குக் கட்டும் டோர்ச், இவ்வளவுக்கும் அடியில் மனைவி வைத்த புட்டுப் பார்சல். ஆயத்தத்தைப் பார்த்தால் எவரெஸ்ட் என்று தோன்றும். போகிற இடம் அப்புத்தளை.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த வயதில் கதிரையை விட்டு எழும்பி மலையில் நடப்பது நல்ல காரியம்தான். சிரிப்பு வருவது வழிகாட்டியைச் சந்திக்கும் இடத்தில். விடுதி வாசலில் காத்திருப்பவர் பெரும்பாலும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர். ஐயா அவரை மேலும் கீழும் பார்ப்பார். முதல் வளைவு வரும்போது ஐயா முன்னால், வழிகாட்டி பின்னால். "தம்பி, உமக்குத் தெரியுமோ? இந்த நாட்டில தேயிலையைப் பெரிய அளவில முதல் நட்டது ஜேம்ஸ் டெய்லர். 1867. லூல்கந்துர. 19 ஏக்கர்." கொல்லன் தெருவில் ஊசி விற்பது இதுதான். தம்பி "ஆமாங்க ஐயா" என்பார். அடுத்த வளைவில் பிதுருதலாகலவின் உயரம் 2,524 மீற்றர் என்பதும், அதற்கடுத்த வளைவில் ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவானது என்பதும் தம்பிக்குப் போதிக்கப்படும். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர்தான், உயரத்தில் முதலிடம் அதற்கில்லை என்பது மூச்சு வாங்குவதற்கு முன் சொல்லப்படும் கடைசித் தகவல்.

இவர் வழிகாட்டியை அமர்த்துவது வழிக்காக அல்ல, கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக என்பது என் வாதம். சான்று அவர் தெரிந்தெடுக்கும் பாதைகளிலேயே இருக்கிறது. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ ட்ரெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல், 22 பகுதிகள், பெரும்பாலும் தோட்டக்காரர் தினமும் நடக்கும் பழைய தேயிலைப் பாதைகள். அடையாளப் பலகைகளும் உண்டு, வரைபடமும் உண்டு. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவுக்குப் போய்த் திரும்பும் சுற்று ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோமீற்றர். முன்னால் போகிற கூட்டத்தின் முதுகைப் பார்த்தபடி நடந்தால் சின்னப்பிள்ளைகூட வழி தவறாது. லிப்டன் ஆசனத்துக்கு முச்சக்கரவண்டியே போகிறது. இந்த மூன்றுக்கும் ஐயாவுக்கு வழிகாட்டி கட்டாயம் வேண்டும். நிஜமாகவே வழி தவறக்கூடிய நக்கிள்ஸ் காட்டுக்குப் போகும்போது மட்டும் "எதுக்கு வீண் செலவு, ஃபோனில மப் இருக்குத்தானே" என்பார். முரண்பாடாகத் தெரிகிறதா? இல்லை. நக்கிள்ஸ் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், பேச முடியாது. பேச முடியாத இடத்தில் கேட்பவருக்குக் காசு கொடுப்பானேன்?

வழிகாட்டியோடு நடப்பதே வெள்ளைக்காரரிடம் கடன் வாங்கிய நாகரிகம், எங்கள் ஆட்களுக்கு அது ஒட்டாது, அதனால்தான் இந்தக் கூத்து என்று ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. வரலாறு அதற்கு இடம் தராது. 1344இல் இபின் பதூதா மாலைதீவிலிருந்து வந்து இந்தத் தீவின் மேற்குக் கரையில் இறங்கியபோது, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியிடம் கேட்டது ஒன்றே ஒன்று: மலைமேலுள்ள பாதச் சுவட்டைப் பார்க்க வேண்டும். அரசர் பல்லக்குக் கொடுத்தார். ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், துணைக்கு இன்னும் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு கூட்டத்தையே கூட அனுப்பினார். இதற்கு மேல் என்ன வேண்டும்? வழிகாட்டி, சுமைக்காரர், சாப்பாடு எல்லாம் அடங்கிய மலைநடைச் சுற்றுலாவை ஒரு தமிழ் அரசர் ஏறக்குறைய எழுநூறு வருடங்களுக்கு முன்பே ஒழுங்கு செய்துவிட்டார். வழியில் மரத்திலும் புல்லிலும் இருந்து பாயும் அட்டைகளைப் பற்றியும், கடித்த இடத்தில் பிழிந்துவிட உள்ளூரார் தேசிக்காயைத் தயாராக வைத்திருப்பதைப் பற்றியும் பதூதா எழுதுகிறார். தேசிக்காயைப் பிழியாமல் அலட்சியமாக விட்ட ஒரு யாத்திரிகர் இரத்தம் போய் இறந்த கதையையும் சேர்த்தே சொல்கிறார். மொரோக்கோவிலிருந்து புறப்பட்டு உலகத்தின் பாதியைப் பார்த்தவர், அட்டை விடயத்தில் ஊர்க்காரர் சொல்லைக் கேட்டுக்கொண்டார். எங்கள் ஐயாவிடம் வழிகாட்டி ஒரு சவர்க்காரத் துண்டை நீட்டி "காலில தேய்ச்சுக்குங்க ஐயா" என்றால், அதில் விஞ்ஞான ஆதாரம் உண்டா என்ற கேள்வி வரும்.

சிங்கள யாத்திரிகரிடமும் இந்த வழக்கம் உண்டு. சிவனொளிபாதமலைக்குப் போகும் கூட்டத்துக்கு நடே குரா என்று ஒரு தலைவர் இருப்பார். பலமுறை ஏறியவர்; எங்கே குளிப்பது, எங்கே நிற்பது, என்ன பேசக்கூடாது என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக்கூடாது என்பது அந்தப் பாதையின் பழைய கட்டுப்பாடு. நல்லதண்ணிப் பக்கத்தால் ஏறினால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். எண்ணிக்கொண்டு ஏறுகிறவனுக்குப் பாதி வழியிலேயே மனம் விட்டுப்போகும் என்று அனுபவப்பட்டவர்கள் வைத்த சட்டம் அது. எங்கள் ஐயா பத்து நிமிடத்துக்கு ஒருதரம் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். வழிகாட்டியின் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "கிட்டத்தான் ஐயா." உடனே மணிக்கட்டைத் திருப்பி, மகன் வாங்கிக் கொடுத்த கடிகாரத்தைப் பார்த்து, "மூன்று புள்ளி நாலு எண்டு காட்டுது, நீர் சொல்லுறது பிழை" என்பார். அவர் கேட்டது தூரத்தை அறியவென்று நினைத்தால் நாம் ஏமாந்தோம். பதிலைத் திருத்துவதற்காகவே கேட்டார்.

ஐயாவுக்குச் சார்பாகச் சொல்ல ஒன்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. அவர் சொல்லும் ஆண்டுகளும் அளவுகளும் பெரும்பாலும் சரி. படித்திருக்கிறார், ஞாபகம் வைத்திருக்கிறார், அடுத்தவருக்குச் சொல்ல ஆசைப்படுகிறார். இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றமில்லை, நட்டம். அந்த மலையில் நடக்கும் ஜெர்மன்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இல்லாத ஒரு வசதி இவருக்கு இருக்கிறது: கொழுந்து எடுக்கும் பெண்ணோடும் வழிகாட்டியோடும் தாய்மொழியில் பேசலாம். ஆனால் தமிழர் இருவரும் முதல் ஒரு மணித்தியாலம் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள் (மேலே தமிழில் தந்தது என் மொழிபெயர்ப்பு). வழிகாட்டி ஆங்கிலம் பேசுவது தொழில் பயிற்சி. ஐயா பேசுவது அந்தஸ்து. காலுறைக்குள் முதல் அட்டை புகுந்ததும்தான் "ஐயோ அம்மா" என்று தமிழ் வெளியே வரும். கல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி, காலுறையை உருட்டி இறக்கினால், கணுக்காலில் கறுப்பாகப் புளியங்கொட்டை அளவில் ஒன்று. வழிகாட்டி குனிந்து, பிடித்து இழுக்காமல், உப்புத் துணியால் ஒற்றி எடுத்து, வெற்றிலையின் மூலையைக் கிள்ளி இரத்தத்தை ஒட்டி அடைப்பார். அந்த இரண்டு நிமிடமும் ஐயா பேசாமல் இருப்பார். அன்றைய நடையில் வழிகாட்டி வழிகாட்டியாக இருந்தது அந்த இரண்டு நிமிடம்தான்.

ஐயாவின் வரலாற்றில் டெய்லர் இருக்கிறார், பரப்பளவு இருக்கிறது. அந்த மலையில் பாதை வெட்டியவர்கள் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் அவர்கள். அவர்கள் வந்து இருநூறு ஆண்டானதை நினைத்து 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை திரும்ப நடந்தார்கள். இந்த நாட்டில் மலையை நோக்கி நடந்த நடைகளில் இதைவிடப் பெரிய கதை வேறில்லை. அந்தக் கதை வழிகாட்டியின் வீட்டுக் கதை. கேட்டால் சொல்வார். கேட்பதற்கு ஐயா வாயை மூட வேண்டும்.

கேட்கிற ஒருவர் அதே கூட்டத்தில் இருக்கிறார், அவருடைய மனைவி. நாற்பது வருடம் வேறொருவர் பேச்சைக் கேட்டுப் பழகிய இந்த அம்மா, ஐயா டெய்லரைப் பற்றி விரிவுரை செய்யும் நேரத்தில் இருபதடி முன்னால் கொழுந்து எடுக்கும் பெண்களோடு நின்றிருப்பார். எத்தனை கிலோ எடுத்தால் முழுநாள் சம்பளமான முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர் போடுவார்களா, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், மழைக்கு லயத்துக் கூரை ஒழுகுமா என்று எல்லாம் விசாரித்து முடித்திருப்பார். விடுமுறை முடிந்து வெள்ளவத்தைக்குத் திரும்பிய பின் நடையைப் பற்றிப் பேசப்போகிறவர் ஐயா. நடந்து வந்தவர் அந்த அம்மா.

கொட்டாஞ்சேனை வகை வேறு. ஜம்பட்டா வீதியிலிருந்து வான் ஒன்று, அதில் குடும்பம் இரண்டு, பின் இருக்கையில் சோற்றுப் பானை. இவர்களுக்கு வழிகாட்டி என்றாலே சிரிப்பு. "நமக்குத் தெரியாத தோட்டமா? நம்ம மச்சான் பொகவந்தலாவையில இருக்கான்ல." மச்சானுக்கும் அந்தப் பாதை தெரியாது என்பது மூன்றாவது சந்தியில் தெரியவரும். ஆனால் கொட்டாஞ்சேனைக்காரர் வெட்கப்படமாட்டார். வானை நிறுத்தி, எதிரே வருகிறவரை "அண்ணே" என்று கூப்பிட்டு, வழியோடு ஊர்ச்செய்தியும் கேட்டு, கடைசியில் யாரோ ஒருவர் வீட்டில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருப்பார். உலக முடிவை மூடுபனி மூடுவதற்குள் பார்க்க வேண்டும் என்று விடியற்காலையில் எழுந்த ஐயா ஒரு மலையைப் பார்த்துவிட்டு வருகிறார். இவர் அதைப் பார்க்காமலே ஐந்து குடும்பத்தைத் தெரிந்துகொண்டு வருகிறார். எனக்கு இவரையே பிடிக்கும், வானில் போடும் உரத்த பாட்டைத் தவிர.

இவ்வளவும் போக, ஃபோனில் வரைபடம் இருக்கும் காலத்தில் வழிகாட்டியின் பேச்சைக் கேட்டுத்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வி நிற்கிறது. வரைபடத்துக்குப் பாதை தெரியும். நேற்றிரவு பெய்த மழை தெரியாது. எந்த மேட்டில் மண் வெடித்திருக்கிறது, எந்த ஓடை மத்தியானத்துக்குப் பிறகு பெருகும் என்பதெல்லாம் அங்கே விடிந்து எழும்புகிறவருக்குத் தெரிந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்சரிவு எச்சரிக்கை என்பது மலைநாட்டில் வானொலிச் சம்பிரதாயம் அல்ல. குளவியும் அப்படித்தான். கொழுந்து எடுக்கப் போனவர்கள் குளவிக்கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் என்ற செய்தி எங்கள் பத்திரிகைகளில் ஓயாமல் வருகிறது. அந்த மரத்தடியில் சத்தம் போடாமல் வாருங்கள் என்று வழிகாட்டி சொல்லும்போது, ஹோர்ட்டன் ஆளுநராக இருந்த காலம் பற்றிய பேச்சை நிறுத்துவதில் யாருக்கும் கௌரவக் குறைவில்லை. ஆக, வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு அவர் சொல்லும் "நில்லுங்க", "இன்னைக்கு வேண்டாங்க" என்ற இரண்டுக்கும்தான். மற்றதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும்.

அந்த இரண்டாவதைச் சொல்வது அவருக்கு இலேசல்ல. "இன்னைக்கு வேண்டாங்க" என்றால் அவருடைய அன்றைய வருமானம் போய்விடும். மழை கறுத்து வரும்போதும் சிலர் வாய் திறக்காமல் முன்னே நடப்பது அதனால்தான். ஆகவே வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மலைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அவர் வேண்டாம் என்று சொன்னால் கடிகாரத்தைப் பார்க்காமல் திரும்புங்கள். பேசிய கூலியை முழுதாகக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள்.